அன்றைக்கு என்மேல் வந்தது ஆத்தா இல்லை

அண்ணா, இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன் என்றேன். "சாமிய இதுல இழுக்காத. ஒரு தடவ இழுத்தது போதும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் என் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் கையால் ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். பேனாவைப் பார்க்க வேண்டும், விரலைப் பார்க்க வேண்டும், வரியையும் பார்க்க வேண்டும். "என் பேச்ச அப்படியே எழுதாத, புத்தகத்துல இருக்குற மாதிரி எழுது. அவன் ஆபீசுல சோலி பாக்குறவன்" என்றும் சொன்னாள். ஆகவே இனி 'நான்' என்று வந்தால் அது அம்மா. நடுவில் எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், தங்கச்சி பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

அப்பு, ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு குரங்கணிக்கு வராதே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை நீ வாசிப்பாயோ மாட்டாயோ. என்னைப் பார்க்க வருவதென்றால் போடியிலிருந்து பஸ்சு இருக்கிறது, ஏறி வா, நாலு நாள் இருந்துவிட்டுப் போ. என்னை ஏற்றிக்கொண்டு போக வராதே. வாங்கி வைத்திருப்பதாகச் சொன்ன மடக்குச் சக்கர நாற்காலியைக் கடையிலேயே திருப்பிக் கொடு. நம் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டு நீ அனுப்பிய ஆள் வந்தார். உட்கார வைத்து, மோர் கொடுத்து, அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர்தான். போகும்போது என் காலையே பார்த்துக்கொண்டு போனார்.

நீ என்மேல் வைத்திருக்கும் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. சென்னையில் நாலாவது மாடியில் லிப்ட்டு இருக்கிறது, கரண்டு போனாலும் ஜெனரேட்டர் போடுவார்கள், சுவரெல்லாம் பிடிமானம் வைத்துத் தருகிறேன் என்று நீ சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் போன வாரம் போனை வைக்கும் முன்னால் ஒன்று சொன்னாய். "நான் மலைய விட்டு எறங்குனதாலதாம்மா உனக்கு இப்பிடி ஆச்சு. ஆத்தா அன்னைக்கே சொன்னா, நாந்தான் கேக்கல." அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு வருடமாக நீ இதைச் சுமந்துகொண்டிருக்கிறாய், சுமக்கவிட்டவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த முத்தாலம்மன் திருவிழாவை நினைத்துப் பார். உன் அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். அதற்கு முன்னால் கோவிலில் எனக்கு முன்வரிசையில் இடம் இருந்தது, பிறகு வேப்பமரத்துப் பக்கம் நின்றுகொள்ளச் சொன்னார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மஞ்சள் குங்குமத் தட்டு வரும்போது எனக்கு முந்தின ஆளோடு திரும்பிப் போகும், அவ்வளவுதான். அன்றைக்குத் தீபாராதனை காட்டினார்கள். எல்லோரும் கையைக் குவித்துக் கண்ணை மூடினார்கள், நானும் மூடினேன். மூடிய உடனே எனக்குக் கால் இல்லாமல் போய்விட்டது. மரத்துப்போகவில்லை, வலிக்கவில்லை, பலமும் குறையவில்லை. இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. பிறகு வலப்பக்கம் சாய்ந்தேன். நம் தோட்டத்துக்குக் காய் எடுக்க வரும் பேச்சி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் யாரோ குலவை போட்டார்கள்.

"ஆத்தா எறங்கிட்டாடி. வேப்பிலையக் கொண்டா, வெரசா கொண்டா."

கண்ணைத் திறந்தேன். திறந்ததும் கால் திரும்பி வந்துவிட்டது. நான் அப்போதே, எனக்கு ஒன்றுமில்லை, தலைசுற்றல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் முன்னால் ஊரே கைகூப்பி நின்றது அப்பு. தட்டைத் திருப்பிக்கொண்டு போனவள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். "என்ன கொற வச்சோம், சொல்லு தாயி" என்று கேட்டாள். நான் மறுபடியும் கண்ணை மூடினேன். வேண்டுமென்றே மூடினேன். மூடினால் ஆடும் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. ஆடியது. குலவை இன்னும் பெரிதாகக் கேட்டது.

அப்போதுதான் நீ வந்து நின்றாய். பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் வேலைக்கு வரச்சொன்ன காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தாய். "ஆத்தா, நான் போகட்டுமா?" என்று கேட்டாய். என் மகன் என்னிடம் கேட்டிருந்தால், போ என்று சொல்லத் தைரியம் வந்திருக்கும். நீ அவளிடம் கேட்டாய். நான் அவள் குரலில் சொன்னேன்: "மலைய விட்டு எறங்காதடா. எறங்குனா எனக்கு ஒரு உசுரு வேணும்." அது அம்மன் சொன்னதில்லை. தனியாகத் தோட்டத்தைப் பார்க்கப் பயந்த ஒரு பொம்பளை சொன்னது. உன் முகம் வெளுத்துப்போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் என் கண் பாதி திறந்துதான் இருந்தது.

அந்த வேலை போயிற்று. இரண்டு பருவம் நீ உரமூட்டை சுமந்தாய். பிறகு வேறொரு வேலை வந்ததும், விடிகாலையில் என்னிடம் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். நான் தூங்கவில்லை, பின்னாலேயே வந்தேன். பஸ்சுக்குப் போகாமல் கோவிலுக்குப் போனாய். பூட்டின கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, "எங்கம்மாவ ஒண்ணும் செஞ்சிராத. கேக்குறதா இருந்தா என்னைய எடுத்துக்க" என்று சொன்னாய். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து அடி தூரம்கூட இல்லை. வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் நீ சிரித்துக்கொண்டே பஸ்சு ஏறியிருப்பாய். சொன்னால் என் மேல் உனக்கிருந்த மதிப்பு போய்விடும் என்று நினைத்து நின்றுவிட்டேன். கோவிலில் பொய் சொன்னது ஒரு நிமிஷத்துக் காரியம். மரத்துக்குப் பின்னால் நின்றது அப்படி இல்லை. அதற்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற எதற்கும் கேட்கப்போவதில்லை.

அண்ணா, தங்கச்சி பேசுகிறேன். அம்மா தண்ணீர் குடிக்கிறாள். டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறாள், இல்லாவிட்டால் நழுவிவிடும். அவள் அழவில்லை. எனக்குத்தான் பேனா நின்றுவிட்டது. இதெல்லாம் எனக்கும் இப்போதுதான் தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரியில் நடந்ததை உனக்குப் போனில் பாதிதான் சொன்னோம். மீதியையும் கேள். டாக்டர் ஒரு சின்னச் சுத்தியலால் என் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. காலை நீட்டச் சொல்லி அழுத்திப் பிடித்துப் பார்த்தார். அவர் கையைத் தள்ளிவிட்டேன். "பலத்துக்கு ஒரு குறையும் இல்லையே" என்றார். பிறகு இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்து நிற்கச் சொன்னார். நின்றேன். "இப்ப கண்ண மூடுங்கம்மா" என்றார். மூடினேன். அதே ஆட்டம். முன்னும் பின்னும், அப்புறம் வலப்பக்கம். கோவிலில் ஆடிய அதே கணக்கு. அவர் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"எதுக்கும்மா சிரிக்கிறீங்க?"

"குலவை போட ஆளில்லையேன்னுதான் சார்."

அவருக்குப் புரியவில்லை. எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டார். திருவிழாவைச் சொன்னேன், அப்போதே ஆரம்பித்துவிட்டது என்றார். அப்பு, இந்த ஒரு வரியை இரண்டு தடவை படி. அப்போதே ஆரம்பித்துவிட்டது. நீ மலையை விட்டு இறங்குவதற்கு இரண்டு பருவத்துக்கு முன்னால். நீ இறங்கினதால் எனக்கு நோய் வரவில்லை. எனக்கு நோய் இருந்ததால்தான் அன்றைக்கு ஆடினேன். ஆடினதால்தான் அந்தப் பொய்யைச் சொல்ல வழி கிடைத்தது. இதில் அம்மனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, உனக்கும் இல்லை.

நரம்பு விஷயத்தை நீயே சொல் என்று அம்மா சொல்கிறாள், அதனால் மறுபடியும் தங்கச்சி. அண்ணா, இதை நான் புத்தகத்தில் படித்தேன், தேனியில் அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கும் அக்காவிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். நம் ஒவ்வொரு தசைக்குள்ளும் நூல் சுற்றிய கதிர் மாதிரி மெல்லிய உறுப்புகள் இருக்கின்றன. தசை கொஞ்சம் நீண்டால் போதும், அவை உணர்ந்துவிடும். அந்தச் செய்தி உணர்ச்சி நரம்பு வழியாக முதுகுப் பக்கமிருந்து தண்டுவடத்துக்குள் போகிறது. உள்ளே போய் மூளைக்காகக் காத்திருப்பதில்லை. அங்கேயே இயக்க நியூரானைத் தொட்டு, அதே தசையை இழு என்று சொல்கிறது. எதிர்ப்பக்கத் தசையை இயக்கும் நியூரானை, நடுவில் ஒரு சின்ன நியூரானை வைத்து, நீ சும்மா இரு என்று அடக்குகிறது. முட்டியில் தட்டினால் கால் துள்ளுவது அதனால்தான். நான் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் என் முட்டியைத் தட்டிப் பார்த்து, முன்னால் இருந்தவளை உதைத்துவிட்டேன். நாம் சும்மா நிற்கும்போதுகூட உடம்பு லேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறதாம். முன்னால் சாய்ந்தால் கெண்டைக்கால் நீளும். நீண்டதும் செய்தி போகும், தசை இழுக்கும், நாம் நேராவோம். நமக்குத் தெரியாமலே நாள் முழுக்க இது நடக்கிறது. அம்மாவுக்கு இயக்க நரம்புகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. தசையிலிருந்து உள்ளே போகிற நரம்புகள்தான் கெட்டுவிட்டன. அதனால் முட்டி துள்ளவில்லை. கை கால் எங்கே இருக்கிறது என்கிற செய்தி மூளைக்கும் போய்ச்சேரவில்லை. கெட்டுப்போன நரம்பு திரும்பச் சரியாகாது, ஆனால் இதற்கு மேல் மோசமாகவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இவள் நியூரான் என்கிறாள், நான் எஸ்டேட்டை வைத்துப் புரிந்துகொண்டேன். முதலாளி போடியில் இருக்கிறார். கங்காணி சரிவில் நிற்கிறார். ஒருத்தி சறுக்கிக் கத்தினால், கங்காணி போடிக்குப் போன் போட்டுக் கேட்க மாட்டார். பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து, பிடி அவளை என்பார், அவ்வளவுதான். எனக்குக் கங்காணி இருக்கிறார், வேலையாட்களும் திடமாக இருக்கிறார்கள். சறுக்குகிறவளின் சத்தம்தான் கங்காணி காதில் விழவில்லை. அதனால் போடியில் இருக்கிற முதலாளி ஒவ்வொரு காலையும் கண்ணால் பார்த்து, இதைத் தூக்கு, அதை வை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை மெதுவாக நடக்கும், ஆனாலும் நடக்கும். அதற்காகத் தோட்டத்தை மூடுவார்களா?

நான் எப்படித் தோட்டத்துக்குப் போகிறேன் என்று நீ பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். ஜீப்பு இறக்கிவிடும் இடத்திலிருந்து முதல் செடி வரைக்கும் நூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பார்த்து வைக்கிறேன். அப்போது யாரும் என்னிடம் பேசக்கூடாது, பேசினால் நான் முகத்தைப் பார்ப்பேன், பார்த்தால் விழுவேன். ஆறு தடவை விழுந்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் செடியடிக்குப் போய்விட்டால் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. ஏலச்செடியில் காய் தலைக்கு மேலேயா தொங்குகிறது? சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையில் கிடக்கிறது. நல்ல காலுள்ளவளும் குனிந்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் விரல் தானாகக் காயைத் தடவி எடுக்கும், வாய் பேச்சியோடு ஊர்க்கதை பேசும், கூடையில் பத்துக்கு ஒரு பிஞ்சு விழும். இப்போது ஒவ்வொரு காயையும் பார்த்துத்தான் கிள்ளுகிறேன். என் கூடையில் ஒரு பிஞ்சு காட்டச் சொல்.

"யக்கா, நீங்க மொறைக்கிற மொறைப்புல காய் பயந்து பழுத்துரும் போல" என்கிறாள் பேச்சி.

"உன்னைய மொறைச்சாலும் நீ பழுக்க மாட்டேங்குறியேடி."

"என்னையப் பாக்காதீக, கீழ பாருங்க. விழுந்து வச்சா ஒங்க மகனுக்கு யாரு பதில் சொல்றது?"

அவளிடம் முதலில் சொன்னேன், கோவிலில் வந்தது அம்மன் இல்லை, என் நோய் என்று. நாலு நாள் என்னோடு பேசவில்லை. அவள் தன் மகளுக்கு அன்றைக்கு என்னிடம் குறி கேட்டிருந்தாள். ஐந்தாம் நாள் கூடையைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "எல்லாஞ் சரி, எம்மகளுக்குப் புள்ள பொறக்கும்னு சொன்னது மட்டும் பலிச்சிருச்சுல்ல, அத எதுக்குக் கெடுக்குறீக" என்றாள். போன திருவிழாவுக்கு நான் முன்வரிசையில்தான் நின்றேன். வேப்பமரத்துப் பக்கம் போகச் சொன்னவரிடம், எனக்கு வெளிச்சம் வேண்டும், அங்கே இருட்டு என்றேன். தீபாராதனையில் எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை, அம்மனை நேராகப் பார்த்துக்கொண்டே கும்பிட்டேன். அவளுக்கு என்மேல் கோபம் இருந்தால் அப்போது காட்டியிருக்கலாம். கண்ணில் கண் படத்தானே நின்றேன்.

உன்னுடைய பெரிய கேள்வி ஒன்றுதான். குரங்கணியில் மழை என்றால் கரண்டு போய்விடும், இருட்டில் நீ என்ன செய்வாய் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. இதற்கு நான் பதில் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் நீ ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து நிற்பாய். தேனியில் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதையே கேட்டேன். "நிக்கிறதுக்கு மூணு தொணைம்மா. கண்ணு, காதுக்குள்ள இருக்குற நெதானம், தசையில இருந்து போற நரம்பு. உங்களுக்கு மூணாவது இல்ல. இருட்டுனா மொதலும் இல்ல. ஒத்தக் கல்லுல பானை எப்பிடி நிக்கும்? நின்னாலும் ரொம்ப நேரம் நிக்காது" என்றாள். எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்துவிடலாம் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே சொல்லிக்கொடுத்தாள். காலை அகட்டி வைக்க வேண்டும். சுவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். நிதானத்தைக் காலில் தேடக்கூடாது, அங்கே ஒன்றும் கிடைக்காது. தலை எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். போவது தெரிந்ததும் எதிர்ப்பக்கம் வர வேண்டும்.

ஆறு மாதமாகத் தினமும் சாயங்காலம், சோறாக்கும் முன்னால், உன் தங்கச்சி எல்லா லைட்டையும் அணைக்கிறாள். தரையில் மெத்தை போட்டிருக்கிறோம். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் மெத்தையில் கிடந்தேன். இரண்டு மாதம் ஐந்தைத் தாண்டவில்லை. மனசுவிட்டு அழுத நாளும் உண்டு, அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று இருபத்திரண்டு. மெதுவாகச் சுவரில் முதுகைச் சரித்து, தரையில் உட்காருவதற்குப் பத்து எண்ணிக்கை போதும். உட்கார்ந்துவிட்டால் எனக்கு ஒரு பயமும் இல்லை. வெளிச்சம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கரண்டு ஆபீசுக்காரர்கள் சாவகாசமாக வரட்டும்.

சென்னைக்கு வந்தால் நான் விழ மாட்டேன், அது உண்மை. உன் நாற்காலியிலிருந்து எப்படி விழுவது? ஆனால் எழுந்து நிற்கவும் மாட்டேன். என் காலை நான் தினமும் பார்த்துப் பார்த்து வேலை வாங்கினால்தான் அது என் கால். உனக்குப் பயம் இருந்தது, அதனால் என்னைத் தூக்கிக்கொண்டு போக நினைத்தாய். எனக்குப் பயம் இருந்தது, அதனால் அன்றைக்கு உன்னைப் பிடித்து வைத்தேன். நான் செய்ததை நீ எனக்குத் திருப்பிச் செய்யாதே. நீ மலையை விட்டு இறங்கினது சரி. நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது, இப்போது என் சொந்தக் குரலில் சொல்கிறேன்: போ அப்பு, நல்லா இரு. நான் இங்கேதான் இருப்பேன். உன் தங்கச்சி படித்து முடித்து மலையை விட்டு இறங்கும்போதும் இதையேதான் சொல்வேன். அப்போது கண் திறந்திருக்கும்.

அண்ணா, தங்கச்சி. கையெழுத்தை அம்மாவே போட்டாள். நான்கு எழுத்துக்கு இவ்வளவு இடம் எடுத்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. கடைசி எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது, அழித்து எழுதட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும், பொய்யில்லாம இருக்கட்டும்" என்றாள். இப்போது மணி ஆறே முக்கால். நேற்று இருபத்திரண்டு என்று சொன்னதை நீ நம்பாமல் போகலாம், முன்னே ஒரு தடவை அம்மா வார்த்தையை நம்பி ஏமாந்தவன் நீ. அதனால் இன்றைக்கு நடப்பதை அப்போதே எழுதச் சொல்லியிருக்கிறாள், விழுந்தால் விழுந்தாள் என்றே எழுத வேண்டும்.

எழுந்துவிட்டாள். காலைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாள். சுவருக்கு ஒன்பது அடி. திரும்பி நிற்கிறாள். காலை அகட்டிவிட்டாள். சுவிட்சு அவள் தோளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, விரலைப் பார்த்துக்கொண்டே கையைக் கொண்டுபோகிறாள். "இன்னைக்கு நானே அணைக்கிறேன். நீ எண்ணு. பேனாவ விட்றாத" என்கிறாள்.

அண்ணா, இருட்டில் எழுதுகிறேன். வரி கோணலாக இருக்கும். ஆனாலும் என் கை எங்கே இருக்கிறது, பேனா எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரிகிறது. அம்மாவுக்கு அது தெரியாது. தெரியாமலே நிற்கிறாள். பதினெட்டு. மூச்சுச் சத்தம் கேட்கிறது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்று. "எழுதுனியா?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்கிறாள், குரல் அதே உயரத்தில்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன். இருபத்தாறு. எல்லா லைட்டும் அணைந்திருக்கிறது.